செலினியம் ஏற்றிய லாக்டிக் பாக்டீரியா: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தயிரையும் இட்லி மாவையும் புளிக்கவைக்கும் லாக்டிக் பாக்டீரியாவில் செலினியம் என்ற தாதுவை ஏற்றுவது பற்றிய கேள்விகள் இவை. நாகர்கோவில், தக்கலைப் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் புராஜெக்ட்டுக்காகக் கேட்கிறார்கள். குலசேகரம், அருமனைப் பக்கம் கோழி வளர்ப்பவர்கள் தீவனத்துக்காகக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். முதல் ஐந்தாறு கேள்விகள் எல்லாருக்கும். அதற்குப் பிறகு வருபவை பெரும்பாலும் ஆய்வகத்தில் கை வைக்கிறவர்களுக்கு.

1. செலினியத்தை விஷம்னும் சொல்லுதாங்க, சத்துன்னும் சொல்லுதாங்க. எதுவாக்கும் சரி?

இரண்டும் சரி. 1817-இல் பெர்சீலியஸ் இதைக் கண்டுபிடித்தார். வேதியியலில் கந்தகத்துக்கு அடுத்த வீட்டுக்காரன். நூறு வருஷத்துக்கு மேல் இதை விஷம் என்று மட்டுமே பார்த்தார்கள். 1957-இல் ஷ்வார்ஸ், ஃபோல்ட்ஸ் என்ற இருவர், இது கிடைக்காத எலிகளுக்கு ஈரல் செத்துப்போகிறது என்று காட்டிய பிறகுதான் உடம்புக்குத் தேவையான தாது என்று ஆனது. மனித உடலில் செலினியம் வைத்துக் கட்டப்படும் புரதங்களுக்கு 25 மரபணுக்கள் உண்டு.

ஒரு பெரிய ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 மைக்ரோகிராம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. மேல்வரம்பை அமெரிக்காவில் 400 என்று வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் 2023-இல் 255 என்று இறக்கினார்கள். வேண்டிய அளவுக்கும் கேடு செய்யும் அளவுக்கும் நடுவே இவ்வளவு குறுகிய இடைவெளி உள்ள சத்துகள் அதிகமில்லை. சீனாவின் கேஷான் பகுதியில் இது குறைந்து இதயத்தசை நோய் வந்தது. பஞ்சாபில் நவான்ஷஹர், ஹோஷியார்பூர் பக்கம் சில கிராமங்களில் மண்ணிலேயே இது கூடுதலாக இருப்பதால் மாடுகளுக்குக் குளம்பு வெடித்து, முடி கொட்டுகிறது. கீழே வருகிற எல்லாக் கேள்விகளுக்கும் இந்த இடைவெளியை மனதில் வைத்துத்தான் பதில் சொல்லியிருக்கிறோம்.

2. அதை பாக்டீரியாவுக்குள்ள ஏத்துறதால என்ன லாபம்? சோடியம் செலினைட்டையே தீவனத்துல கலந்தா போராதா?

குறைபாடு வராமல் தடுக்க மட்டும் என்றால் போதும். கடையில் வாங்கும் பெரும்பாலான தாதுக்கலவையில் செலினியத்தின் உப்பான அதுதான் இருக்கிறது, விலையும் மலிவு. பாக்டீரியா என்ன செய்கிறது என்றால், செலினைட்டை உறிஞ்சி ஒரு பங்கைச் செலினோசிஸ்டீன் என்ற அமினோ அமிலமாக்கித் தன் புரதத்தில் கோத்துக்கொள்கிறது. இன்னொரு பங்கைச் சிவப்பு நிறத் தனிமச் செலினியத் துகளாக்குகிறது. இரண்டுக்குமே செலினைட்டைவிட நச்சு குறைவு. கூடவே குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியாவும் உயிரோடு போய்ச் சேருகிறது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முட்டையிலும் இறைச்சியிலும் செலினியத்தைக் கூட்டுவதுதான் நோக்கம் என்றால் செலினியம் ஏற்றிய ஈஸ்ட்டே மேல். ஈஸ்ட் தருவது செலினோமெத்தியோனின். உடம்பு அதைச் சாதாரண மெத்தியோனின் என்று எடுத்துக்கொண்டு தசையிலும் முட்டையிலும் சேர்த்து வைக்கும். லாக்டிக் பாக்டீரியா பெரும்பாலும் தரும் செலினோசிஸ்டீன் அப்படித் தங்காது.

3. நம்ம ஊர்ல தினமும் மீன் தின்னுறோம். நமக்கு இது வேணுமா?

வேண்டாம் என்பதே எங்கள் பதில். 100 கிராம் சாளையில் ஏறக்குறைய 50 மைக்ரோகிராம் செலினியம் உண்டு, சூரையில் அதைவிடக் கூடுதல். ஒரு கோழிமுட்டையில் 15 அளவில் இருக்கும். மரச்சீனிக்கிழங்கும் சாளைக் கறியும் தின்கிற வீட்டில் மத்தியானச் சாப்பாட்டோடு அன்றைய கணக்கு முடிந்துவிடும். அதற்கு மேல் ஏற்றினால் 1-ஆம் கேள்வியில் சொன்ன மேல்வரம்பை நோக்கித்தான் போகிறோம். மீனும் முட்டையும் தொடாதவர்கள் ரத்தத்தில் அளவு பார்த்துவிட்டு மருத்துவரிடம் பேசட்டும்.

4. மணவாளக்குறிச்சி மணல்ல செலினியம் உண்டாமே?

அந்த மணலின் பேரே வேறு கனிமங்களுக்கு: இல்மனைட், ரூட்டைல், ஜிர்கான், மோனசைட், கார்னெட், சிலிமனைட். மோனசைட்டில் இருப்பது தோரியமும் அருமண் தனிமங்களும். சிலிமனைட், செலினியம் இரண்டின் உச்சரிப்பும் அருகருகே வருவதால் குழப்பிக்கொள்கிறார்கள் போல.

5. வீட்டு உறைமோர்ல செலினியம் மாத்திரையைப் பொடிச்சுப் போட்டு உறை ஊத்தினா இதுதானே?

இல்லை. மாத்திரையில் பெரும்பாலும் ஏற்கெனவே ஈஸ்ட்டிலோ செலினோமெத்தியோனினாகவோ ஏற்றிய செலினியம்தான் இருக்கும். பாக்டீரியாவுக்குப் புதிதாகச் செய்ய வேலை இல்லை. செலினைட் உள்ள மாத்திரையாகவே இருந்தாலும் எவ்வளவு உள்ளே போயிற்று, எவ்வளவு மோரில் அப்படியே நிற்கிறது என்று வீட்டில் அறிய வழியில்லை. பொடி ஒரே சீராகப் பரவாது. ஒரு தம்ளரில் ஒன்றும் இருக்காது, அடுத்த தம்ளரில் மொத்தமும் இருக்கும்.

சோடியம் செலினைட்டை வாங்கி அடுக்களையில் செய்து பார்க்கலாம் என்று கேட்டவர்களும் உண்டு. ஒரு கிராம் செலினைட்டில் 457 மில்லிகிராம் செலினியம் இருக்கிறது. அமெரிக்க மேல்வரம்பைப்போல அது ஆயிரம் மடங்குக்கு மேல். 2009-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 21 போலோ குதிரைகள் ஒரே நாளில் செத்ததற்குக் காரணம், ஊசி மருந்து கலக்கும்போது செலினியத்தின் அளவு பிசகியதுதான். மருந்து கலப்பதையே தொழிலாகக் கொண்ட இடத்தில் நடந்தது அது.

6. எந்த பாக்டீரியாவை எடுக்கணும்? இட்லி மாவுல உள்ளதே போதுமா?

தொடங்குகிறவர்களுக்கு லாக்டோபேசிலஸ் பிளாண்டாரம் நல்லது. 2020-இல் லாக்டோபேசிலஸ் குடும்பத்தை 25 பேரினங்களாகப் பிரித்தபோது இதற்கு லாக்டிபிளாண்டிபேசிலஸ் பிளாண்டாரம் என்று பெயர் மாறியது. பழைய கட்டுரைகளைத் தேடுகிறவர்கள் இரண்டு பெயரிலும் தேட வேண்டும். அமிலத்தையும் சூட்டையும் ஓரளவு தாங்கும், 30 முதல் 37 டிகிரியில் வளரும், ஊடகம் சற்று முன்பின் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். ரியூட்டரி, ரம்னோசஸ், கேசி, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் ஆகியவற்றிலும் செய்கிறார்கள். என்டரோகாக்கஸ் எளிதாக வளரும்தான். ஆனால் மருந்துக்குக் கட்டுப்படாத மரபணுக்களைச் சுமந்து திரியும் இனம் அது. தீவனத்துக்கு நாங்கள் சொல்ல மாட்டோம்.

இட்லி மாவிலிருந்தும் தயிரிலிருந்தும் பிரித்தெடுக்கலாம். பிரித்ததும் அது புரோபயாடிக் ஆகிவிடாது. 16எஸ் மரபணுவின் வரிசை பார்த்து இனத்தை உறுதி செய்ய வேண்டும். ரத்த அகாரில் ரத்தத்தைச் சிதைக்கிறதா, எந்த ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்குகிறது, பிஎச் 2.5-லும் பித்த உப்பிலும் பிழைக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆறு மாதப் புராஜெக்ட்டில் இதற்கே மூன்று மாதம் போய்விடும். சண்டிகரின் எம்டிசிசி நுண்ணுயிர்த் தொகுப்பு, கர்னாலின் தேசியப் பால்வள வளர்ப்புத் தொகுப்பு போன்ற இடங்களிலிருந்து அடையாளம் தெரிந்த வளர்ப்பை வாங்கிவிட்டால் அந்தக் காலம் மிச்சம்.

7. எம்ஆர்எஸ் ஊடகம் விலை கூடுதல். அக்கானியோ தேங்காத் தண்ணியோ வச்சு வளக்கலாமா?

லாக்டிக் பாக்டீரியாவை வளர்க்கும் ஆயத்த ஊடகமான எம்ஆர்எஸ் பொடி லிட்டருக்குச் சுமார் 55 கிராம் பிடிக்கும், பெரிய அளவில் கட்டுப்படியாகாதுதான். கொப்பரைக் களத்தில் வீணாக ஓடும் முற்றிய தேங்காய்த் தண்ணீர் நல்ல மாற்று. அதில் சர்க்கரை 2 முதல் 3 சதவீதம் இருக்கும், நைட்ரஜன்தான் போதாது. லிட்டருக்கு ஈஸ்ட் சாறு 5 கிராம், அம்மோனியம் சிட்ரேட் 2 கிராம், சோடியம் அசிட்டேட் 5 கிராம், மக்னீசியம் சல்ஃபேட் 0.2 கிராம், மாங்கனீஸ் சல்ஃபேட் 0.05 கிராம், ட்வீன்-80 ஒரு மில்லி சேருங்கள். பிஎச் 6.5-க்குக் கொண்டுவாருங்கள். மாங்கனீஸை விட்டுவிடாதீர்கள். பிளாண்டாரம் ஆக்சிஜன் கேட்டிலிருந்து தப்பிக்க நம்பியிருப்பதே அதைத்தான். உடைத்த தண்ணீரை இரண்டு மணி நேரத்துக்குள் வடிகட்டிக் குளிர்ப்பெட்டியில் வைக்காவிட்டால் வேறு கிருமிகள் முந்திக்கொள்ளும்.

அக்கானியில் சிக்கல் சுண்ணாம்பு. கலயத்தில் தடவிய சுண்ணாம்பினால் பிஎச் காரமாக நிற்கும். கருப்பட்டித் தொழிலில் செய்வதுபோல சூப்பர்பாஸ்பேட் போட்டுத் தெளிய வைத்தால் பாஸ்பேட் மிஞ்சும். செலினைட் செல்லுக்குள் நுழையும் வழிகளில் பாஸ்பேட் வாசலும் ஒன்று. பாஸ்பேட் கூடினால் செலினைட் வெளியே காத்து நிற்கும். பாலும் வேண்டாம். தயிர்க் கட்டியோடு செலினைட்டும் ஒட்டிக்கொள்ளும், செல்லைத் தனியே பிரிக்க முடியாது.

8. 'லிட்டருக்கு 5 மில்லிகிராம் செலினியம்'னா செலினைட் எவ்வளவு எடை போடணும்?

கூடுதல் பேர் பிழைவிடும் இடம் இது. முதலில் டப்பாவின் லேபிளைப் பாருங்கள். நீரற்ற சோடியம் செலினைட்டில் (மூலக்கூறு எடை 172.9) 45.7 சதவீதம் செலினியம். ஐந்து நீர் சேர்ந்த வகையில் (263) 30 சதவீதம்தான். ஒரு மில்லிகிராம் செலினியத்துக்கு முதல் வகையில் 2.19 மில்லிகிராம், இரண்டாவதில் 3.33 மில்லிகிராம் வேண்டும். இரண்டாவதற்கான எடையில் முதல் வகையைப் போட்டுவிட்டால் செலினியம் ஒன்றரை மடங்காகிவிடும்.

சின்ன எடையை ஒவ்வொரு தடவையும் போடாதீர்கள். நீரற்ற செலினைட் 219 மில்லிகிராமை 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் மில்லிக்கு ஒரு மில்லிகிராம் செலினியம் உள்ள கரைசல். 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து வைத்துக்கொண்டு, லிட்டருக்கு 5 மில்லி சேர்த்தால் கணக்கு சரி. எடை போடும்போது கையுறை, முகக்கவசம், புகைப்போக்கிக் கூண்டு மூன்றும் கட்டாயம். குப்பியில் 'விஷம்' என்று தமிழிலும் எழுதி ஒட்டுங்கள். ஆய்வகம் பெருக்க வருகிறவருக்கும் புரிய வேண்டுமே.

9. முதல்லேர்ந்து கடைசி வரை எப்படிச் செய்யணும்?

ஊடகத்தை 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்து ஆறவிடுங்கள். முந்தின ராத்திரி வளர்த்த 16 முதல் 18 மணி நேர விதை வளர்ப்பை 2 சதவீதம், அதாவது லிட்டருக்கு 20 மில்லி, ஊற்றி 37 டிகிரியில் வையுங்கள். காற்று ஊத வேண்டாம். ஃபெர்மென்டரில் என்றால் வளர்ப்பு படியாத அளவுக்கு, நிமிடத்துக்கு 100 சுற்று போல, மெல்லக் கிண்டினால் போதும். நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் செல்கள் வேகமாகப் பெருகும் கட்டம் வரும். செலினைட்டை அப்போது சேருங்கள். பாதியை அப்போதும் மீதியை இரண்டு மணி கழித்தும் சேர்த்தால் இன்னும் நல்லது. தொடக்கத்திலேயே கொட்டினால் வளர்ச்சி தொடங்கவே தாமதமாகும். வளர்ச்சி ஓய்ந்த பிறகு கொட்டினால் புரதத்தில் கோக்க வேலை நடக்காது, சிவப்பாக்குவதோடு நின்றுவிடும்.

முதல் முயற்சிக்கு லிட்டருக்கு 1, 2, 5, 10 மில்லிகிராம் என நான்கு குடுவையும், செலினைட் இல்லாத ஒரு குடுவையும், பாக்டீரியா இல்லாமல் செலினைட் மட்டும் உள்ள ஒரு குடுவையும் வையுங்கள். கடைசி இரண்டையும் மிச்சம் பிடிக்கிறவர்கள் பிறகு எதையும் நிரூபிக்க முடியாமல் முழிப்பார்கள். பிஎச் தானே 4 வரை இறங்கும். ஃபெர்மென்டரில் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு 5.5 முதல் 6-க்குள் நிறுத்தினால் செல் எடை கூடும். குடுவையில் பிஎச் பிடிக்கச் சுண்ணாம்புக்கல் தூள் போடாதீர்கள், அது செல்லோடு அடியில் படிந்து எடையைக் கெடுக்கும்.

20 முதல் 24 மணியில் நிறுத்திக் குளிரவைத்து, 4 டிகிரியில் 5,000 ஜி வேகத்தில் 15 நிமிடம் சென்ட்ரிஃபியூஜ் செய்யுங்கள். மேல்நீரைக் கொட்டாமல் அளந்து எடுத்து வையுங்கள். படிவை 0.85 சதவீத உப்புநீரில் மூன்று தடவை கழுவுங்கள், கழுவிய நீரையும் எடுத்து வையுங்கள். பிறகு 10 சதவீதக் கொழுப்பு நீக்கிய பால்பொடிக் கரைசலில் கலக்கி உறையவைத்து, 24 முதல் 48 மணி நேரம் உறைநிலை உலர்த்தல். அந்தப் பால் கரைசலை 121 டிகிரியில் வைத்தால் பழுப்பாகிவிடும். 110 டிகிரி, 10 நிமிடம் போதும்.

10. மறுநாள் பாத்தா குடுவை செங்கல் நிறத்துல செவந்து கெடக்கு. கெட்டுப் போச்சா?

கெடவில்லை. செல் தன்னைக் காத்துக்கொள்ள செலினைட்டைத் தனிமச் செலினியமாக ஒடுக்கியிருக்கிறது. 2-ஆம் கேள்வியில் சொன்ன சிவப்புத் துகள்கள் இவைதான். ஆயிரம் துகளை வரிசையாக வைத்தாலும் ஒரு மில்லிமீட்டர் வராது. இளஞ்சிவப்பு என்றால் சாதாரணம். குடுவை அடியில் குங்குமம் போலப் படிந்தால் அளவு கூடிவிட்டது, அல்லது சேர்த்த நேரம் பிந்திவிட்டது. பாதி அளவில், ஒரு மணி முன்னதாகச் சேர்த்துப் பாருங்கள்.

சிவப்புத் துகளுக்கும் பயன் உண்டு. ஆனால் அதைக் 'கரிமச் செலினியம்' என்று எழுதினால் பொய்.

11. பாக்டீரியாவே போடாத குடுவையும் லேசா செவந்திருக்கு. அது எப்படி?

செலினைட்டை ஊடகத்தோடு சேர்த்து ஆட்டோகிளேவ் செய்திருப்பீர்கள். சூட்டில் சர்க்கரையும் ஈஸ்ட் சாற்றிலுள்ள ஒடுக்கும் பொருட்களும் அந்த வேலையைச் செய்துவிடும். அதனால்தான் 8-இல் வடிகட்டிச் சேர்க்கச் சொன்னோம். வடிகட்டிச் சேர்த்தும் சிவந்தால் குடுவையில் வேறு கிருமி நுழைந்திருக்கிறது. ஒரு துளியை நுண்ணோக்கியில் பாருங்கள்.

12. ஓடி நல்லா ஏறுது, ஆனா பிளேட்டுல கவுண்ட் வர மாட்டேங்குது. மெஷின் பழுதா?

மெஷின் சரிதான். சிவப்புத் துகளும் ஒளியைச் சிதறடிக்கும். 600 நானோமீட்டரில் கலங்கலை (ஓடி) அளப்பவர் அதையும் செல் என்று எண்ணிவிடுகிறார். செலினியம் உள்ள குடுவையில் ஓடியை நம்பி வளர்ச்சி வரைபடம் போடாதீர்கள். எம்ஆர்எஸ் அகாரில் 37 டிகிரியில் 48 மணி வைத்து, காற்றில்லா ஜாடியில் எண்ணுங்கள். ஜாடி இல்லை என்றால் அகார் மேல் இன்னொரு மெல்லிய அகார் அடுக்கை ஊற்றி எண்ணலாம்.

13. கொஞ்சம் கொஞ்சமா அளவைக் கூட்டிப் பழக்கினா கூடுதலா ஏத்துமா?

தாங்கும், ஆனால் ஏற்றுமா என்பது வேறு விஷயம். லிட்டருக்கு 1, 2, 5, 10 என்று ஒவ்வொரு படியிலும் மூன்று நான்கு தடவை மாற்றி வளர்த்தால் 10-லும் நன்றாக வளரும் வளர்ப்பு கிடைக்கும். அதில் சில செலினைட்டை விரைவாகச் சிவப்பாக்கித் தள்ளக் கற்றவை, சில உள்ளே விடாமல் கதவடைக்கக் கற்றவை. நமக்கு இரண்டாலும் லாபமில்லை. ஒவ்வொரு படியிலும் அடுத்த கேள்வியில் உள்ள அளவீட்டைச் செய்யாமல் பழக்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரி.

14. எவ்வளவு ஏறிச்சுன்னு எப்படி அளக்குறது? லேப் ரிப்போர்ட்டுல 1.2னு வந்தா முழுக்கக் கரிமச் செலினியம்தானே?

கணக்குப் புத்தகம் போலப் பாருங்கள். ஒரு லிட்டரில் 5 மில்லிகிராம் போட்டோம். செல் 2.5 கிராம் உலர் எடை, கிராமுக்கு 1.2 மில்லிகிராம் என்றால் செல்லில் 3 மில்லிகிராம். மீதி 2 மேல்நீரிலும் கழுவிய நீரிலும் இருந்தே ஆக வேண்டும். மூன்றையும் கூட்டி 5-க்கு அருகே வராவிட்டால் எங்கோ தவறு. சாம்பலாக்கி அளந்திருந்தால் செலினியம் ஆவியாகிப் போயிருக்கும். நைட்ரிக் அமிலத்தில், மூடிய பாத்திரத்தில் மைக்ரோவேவ் செரிமானம்தான் முறை. ஹைட்ரைடு அணு உறிஞ்சல் கருவியில் அளப்பதானால் செரிமானத்துக்குப் பின் 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 90 டிகிரியில் அரை மணி வைத்து, ஆக்சிஜன் கூடிய வடிவமான செலினேட்டைச் செலினைட்டாக்க வேண்டும். இதை மறந்தால் குறைவாகக் காட்டும். ஐசிபி-எம்எஸ்ஸில் (அணுக்களை நிறை வைத்துப் பிரித்து எண்ணும் கருவி) நிறை எண் 80-இல் ஆர்கான் அணு இரட்டை வந்து குழப்பும். மோதல் அறை வைத்து 78-இல் அளந்தார்களா என்று லேபில் கேளுங்கள்.

அந்த 1.2 மொத்தச் செலினியம். சிவப்புத் துகளும் கனம் என்பதால் செல்லோடு சேர்ந்து படிந்திருக்கும். அதைப் பிரிக்க, படிவில் எடை தெரிந்த ஒரு பங்கை 1 மோலார் சோடியம் சல்ஃபைடில் ஒரு மணி வையுங்கள். தனிமச் செலினியம் கரைந்து செம்பழுப்பாகும். தெளிநீரை 500 நானோமீட்டரில் அளந்தால் அதன் பங்கு தெரியும். அந்தக் கரைசலில் தப்பித் தவறியும் அமிலம் படக்கூடாது, ஹைட்ரஜன் சல்ஃபைடும் ஹைட்ரஜன் செலினைடும் கிளம்பும். இரண்டும் ஆளைக் கொல்லும் வாயு. மிஞ்சியது எந்த அமினோ அமிலம் என்று அறிய புரோட்டியேஸ் நொதியால் செரித்து எச்பிஎல்சி-ஐசிபி-எம்எஸ்ஸுக்கு அனுப்ப வேண்டும்.

15. ஈரச் செல்லுல அளந்து கணக்குப் போட்டது 1.2. பொடியாக்கி அனுப்பினா 0.4னு வருது. உலர்த்தும்போது போயிடிச்சா?

போகவில்லை, நீங்கள் சேர்த்த பால்பொடி இது. 2.5 கிராம் செல்லை 50 மில்லி பால் கரைசலில் கலக்கியிருந்தால் 5 கிராம் பால்திடம் கூடியிருக்கும். 3 மில்லிகிராமை 7.5 கிராமால் வகுத்தால் கிராமுக்கு 0.4 மில்லிகிராம். பொட்டலத்தில் எழுத வேண்டியதும் இந்த எண்தான்.

16. கோழித் தீவனத்துல எவ்வளவு கலக்கணும்?

கறிக்கோழியின் தேவை கிலோ தீவனத்துக்கு 0.15 மில்லிகிராம் அளவில். ஐரோப்பாவில் முழுத் தீவனத்தின் மொத்தச் செலினியம் 0.5-ஐத் தாண்டக்கூடாது, அதில் கரிமச் செலினியமாகச் சேர்ப்பது 0.2-க்குள். கிலோவுக்கு 5 போனால் அடைமுட்டை பொரிப்பது குறைந்து குஞ்சு ஊனமாகும். ஆகவே முதலில் உங்கள் தாதுக்கலவைப் பையின் பின்பக்கம் பாருங்கள். அதிலேயே 0.3 இருந்தால் இதைச் சேர்க்க இடமில்லை. செலினியம் இல்லாத கலவைக்கு மாறிய பிறகு சேருங்கள்.

மேலே சொன்ன 0.4 பொடியில் கிலோவுக்கு 0.2 சேர்க்க, 100 கிலோ தீவனத்துக்கு 50 கிராம் பொடி. அதை நேரே 100 கிலோவில் தூவக்கூடாது. ஒரு கிலோ தவிட்டில் கலந்து, அதைப் பத்து கிலோ தீவனத்தில் கலந்து, பிறகு மொத்தத்திலும் கலக்குங்கள். குருணைத் தீவனமாக்கும் 80 டிகிரிச் சூட்டில் பாக்டீரியா பெரும்பாலும் செத்துவிடும், செலினியம் அப்படியே இருக்கும். உயிரும் வேண்டும் என்றால் குருணை ஆறிய பிறகு சேருங்கள், அல்லது தூள் தீவனத்தில் கலந்து அன்றன்றே கொடுங்கள்.

17. மழைக்காலத்துல பொடி கட்டி பிடிக்குது. கரன்டும் போகுது. என்ன செய்ய?

நமக்கு ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. காற்றில் ஈரம் குறையும் மாதம் சொற்பம். உலர்த்தியிலிருந்து எடுத்ததும் அறையில் திறந்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தால் பத்து நிமிடத்தில் பொடி பிசுபிசுக்கும். குளிரூட்டிய அறையில் உடனே அலுமினியப் பைகளில் சிறு சிறு பங்காகப் பிரித்து, சிலிக்கா ஜெல் போட்டு ஒட்டி, 4 டிகிரியில் வையுங்கள். நீர்ச்செயல்பாடு (கிருமிக்குக் கிடைக்கும் ஈரத்தின் அளவு) 0.2-க்குக் கீழே இருக்க வேண்டும். ஈரம் ஏறினால் உயிர் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் சரியும்.

இன்குபேட்டர் ஒரு மணி நிற்பதால் பெரிய கேடில்லை, நம்மூர் வெப்பம் பிளாண்டாரத்துக்கு ஏற்றதுதான். உறைநிலை உலர்த்தி நிற்பதுதான் கெடுதல். வெற்றிடம் உடைந்து பாதி உலர்ந்தது உருகினால் பஞ்சு போல வர வேண்டியது பாகு போலாகும். அந்தத் தொகுதியை உயிருள்ளது என்று கணக்கில் எழுதாதீர்கள்.

18. இதைத் தின்னா கேன்சர் வராதாமே?

35,000-க்கும் மேற்பட்ட ஆண்களுக்கு நாளுக்கு 200 மைக்ரோகிராம் செலினியமும் வைட்டமின் ஈ-யும் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்த செலக்ட் ஆய்வு 2001-இல் தொடங்கியது. புராஸ்டேட் புற்றுநோயைச் செலினியம் தடுக்கவில்லை என்று கண்டு 2008-இல் மாத்திரையை நிறுத்தினார்கள். அந்த வாக்கியத்தை லேபிளில் எழுதாதீர்கள்.

19. மனுஷங்க சாப்பிடுற பொருளா விக்கலாமா?

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் உரிமம் இல்லாமல் முடியாது. புரோபயாடிக் என்று எழுத, அனுமதிப் பட்டியலிலுள்ள இனமாக இருக்க வேண்டும். ஒரு நாள் அளவில் குறைந்தது 10 கோடி உயிருள்ள செல்களும் வேண்டும். பட்டியலில் இல்லாத பொருளுக்கு முன்கூட்டி ஒப்புதல் கேட்க வேண்டும், அதற்குப் பாதுகாப்புச் சோதனைத் தரவு கேட்பார்கள். 0.4 பொடியில் அரைக் கிராம் என்பது 200 மைக்ரோகிராம். ஒரு கரண்டி கூடப் போட்டுவிடும் ஆள் நம் வீட்டிலும் உண்டு. இந்த எண்ணை முன்னால் வைத்துக்கொண்டு யோசியுங்கள்.

20. மிச்ச தண்ணியைத் தென்னை மூட்டுல ஊத்தலாமா? சத்துதானே?

கூடாது. 14-இல் பார்த்த மேல்நீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை செலினியம் நிற்கும். நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கு அனுமதி 0.05, குடிநீருக்கு 0.01. அதாவது கழிவுநீர் வரம்பைப்போல 40 மடங்கு. செலினியம் பாசியில் சேர்ந்து, பாசி மீனில் சேர்ந்து, மீன் பறவையில் போய் நிற்கும். அமெரிக்காவின் கெஸ்டர்சன் ஏரியில் 1983-இல் பறவை முட்டைக்குள் ஊனமான குஞ்சுகள் கண்டெடுக்கப்பட்டது வயல்வடிகால் நீரில் வந்த செலினியத்தால்தான். நமக்குப் பறவைகள் வரும் தேரூர், சுசீந்திரம் குளங்கள் பக்கத்தில் இருக்கின்றன.

மேல்நீரையும் முதல் கழுவலையும் ஆட்டோகிளேவ் செய்து கிருமியைக் கொன்று, லேபிள் ஒட்டிய பிளாஸ்டிக் கேனில் சேர்த்து, கல்லூரியின் அபாயக் கழிவு சேகரிப்பிடம் கொடுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்டு 'சுத்தம்' செய்ய வேண்டாம். செலினைட் செலினேட்டாக மாறி மண்ணில் நிற்காமல் கிணற்றை நோக்கி இன்னும் வேகமாக ஓடும். சல்ஃபைடு போட்ட கழிவுக்குத் தனிக் கேன்.